வாய் மட்டும் பாக்கி

அண்ணன் வரைந்த கடைசிப் படத்தில் எனக்கு வாய் இல்லை. கண், மூக்கு, காதுக் கம்மல் எல்லாம் முடித்துவிட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நீ வாயை மூடுற அன்னிக்குத்தான் உதட்டை வரைவேன்" என்பான். அதற்கான நிறத்தைக்கூடப் பலகையில் கலந்து வைத்திருந்தான். அன்று சாயங்காலம் சைக்கிளில் போனவனை லாரி அடித்துவிட்டது.

அம்மாவும் ஓவியர்தான். எண்ணெய் வண்ணம் குளிரில் சீக்கிரம் காயாது என்று தெரிந்தவள். பலகையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஐஸ் கட்டிக்கு இடமில்லை. சிற்பியான அப்பா களிமண் பக்கமே போவதில்லை.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு டைரக்டர் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார். நான்காம் நாள் அம்மாவிடம், "அந்தப் படத்தை நீங்களே முடிச்சா நல்லாருக்கும்மா" என்றார்.

"முடிச்சா அந்தக் கலர் தீந்துடும்," என்றாள் அம்மா. "அவன் கை பட்டதுல அது ஒண்ணுதான் இன்னும் ஈரமா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், எங்கம்மா அழுதது பத்தலையா உங்களுக்கு?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். மனிதர் அசரவில்லை. கேமராவை என் பக்கம் திருப்பி, "அண்ணன்கிட்ட கடைசியா என்ன பேசுனீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மூன்று மணிநேரம் உட்காரவைத்தும் வாயை வரையவில்லையே என்ற கோபத்தில், சைக்கிளை எடுத்தவனைப் பார்த்து, "எங்கயாவது தொலைஞ்சு போடா" என்றிருந்தேன். அதை எப்படிச் சொல்வது? பாவி நான், உதட்டை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தாள். அப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

"அசையாதடி," என்றாள் அம்மா. அண்ணன் சொல்வது மாதிரியே இருந்தது. ஒரு மணிநேரம் வரைந்தாள். கண்ணீர் கழுத்துவரை இறங்கியும் நான் துடைக்கவில்லை.

முடிந்ததும் டைரக்டர் தயங்கித் தயங்கி, "கடைசியில ஃபோகஸ் சரியா விழலைம்மா. இன்னொரு தடவை அந்த உதட்டை மட்டும்..." என்று இழுத்தார்.

அம்மா பலகையைச் சாய்த்துக் காட்டினாள். அந்த நிறம் இருந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது.

"இனிமே எடுக்கணும்னா அவன்தாம்பா வந்து கலக்கணும்."