ஒன்பது தடவையில் வந்த நாய்

எங்கள் ஊரில் நாய் ஒரே நாளில் வராது. முதலில் குரைப்பு வரும். அது வீட்டில் பழகிய பிறகு ஓட்டம் வரும். அப்புறம் மற்றவை. உடம்பு கடைசியில். வீட்டுக்காரர் நாயோடு சிரமமில்லாமல் பழக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மற்ற ஊர்களில் எப்படியோ, தெரியாது. நான் கேட்டதுமில்லை.

நான் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போகிற வேலை. பேச்சுத் துணை கிடையாது. இப்போது வீட்டிலும் நான் ஒருவன்தான். எலி வந்தது. பிராணி அலுவலகத்துக்குப் போய் நாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘எலி’ என்று போட்டேன். அப்படியானால் ஜாக் ரஸ்ஸல் டெரியர்தான் சரி என்றார்கள். பேரின் நீளத்தைப் பார்த்து, கொட்டகை போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். முழங்கால் உயரம்கூட வராது என்றாள் பூங்காவனம்.

பூங்காவனம்தான் நாய்களைக் கொண்டுவந்து கொடுப்பவள். மொபெட்டின் பின்னால் ஒரு தகரப் பெட்டி கட்டியிருப்பாள். ஒன்பது தடவை வருவேன், வீட்டில் இருங்கள் என்றாள். இத்தனூண்டு நாய்க்கு எதற்கு ஒன்பது தடவை என்று கேட்டேன். இத்தனூண்டு நாய்க்குத்தான் அதிகமாம். லாப்ரடாருக்கு இரண்டே தடவை. பசி ஒன்று, மற்றதெல்லாம் சேர்த்து ஒன்று.

குரைப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. பெட்டியைத் திறந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குக்கர் விசில் அடித்தால் குரைக்கும். தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் குரைக்கும். பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தாலும் குரைக்கும். “ஏய்” என்று அதட்டினேன். அதற்கும் குரைத்தது. மூன்றாம் நாள் படிவத்தில் ‘பழகிவிட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேறு வழி?

அடுத்து ஓட்டம். அதற்குக் கயிறு உண்டு. கயிற்றின் ஒரு முனை என் கையில், மறுமுனையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது என்னை ரயில்வே கேட் வரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒரு வேளை தவறினால் வீட்டுக்குள்ளேயே சுற்றும். செய்தித்தாள் பறக்கும், மிதியடி சுருண்டுகொள்ளும். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு, ஓட்டம் வந்தாச்சா என்று விசாரிப்பார்கள். நிற்க முடிந்தால் பதில் சொல்வேன்.

தோண்டல் ஒரு மண்சட்டியில் வந்தது. மறுநாள் கொல்லையில் பதினோரு குழி. மோப்பம் வந்த அன்றே எலி ஊரை விட்டுப் போயிற்று. வேலை முடிந்தது, மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பூங்காவனத்திடம் சொன்னேன். பாதியில் நிறுத்தக்கூடாது என்றாள். சரி, தொலையட்டும் என்றேன்.

பிடிவாதம் ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எங்கே வைத்தோமோ அங்கேயே இருந்தது, நடுக்கூடத்தில். நான் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். துள்ளல் கோணிப்பையில் வந்தது. பையின் வாயை அவிழ்த்ததும் உத்தரத்தில் முட்டிவிட்டு வந்தது. அன்று முதல் காப்பி டம்ளரை மேஜையில் வைக்க முடியவில்லை. தூக்கத்தைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். இவ்வளவுதானா என்றேன். இந்த ஜாதிக்கு இதுவே அதிகம் என்றாள்.

எட்டாவதாக வாலாட்டல். வால் இல்லை, ஆட்டல் மட்டும். அது தங்க இடம் தேடி வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் போய் ஒட்டிக்கொண்டது. நான் வெளியே போய்விட்டுக் கதவைத் திறந்தால் காலண்டர் இடமும் வலமுமாக ஆடும். ஆணியே பிடுங்கிக்கொள்ளும்போல ஆடும். வேறு யார் வந்தாலும் ஆடாது. கேஸ்காரரை அனுப்பிப் பார்த்தேன், பால்காரரை அனுப்பிப் பார்த்தேன். ஆடவில்லை.

அப்புறம் நான் அடிக்கடி வெளியே போய்விட்டு வர ஆரம்பித்தேன். சும்மாதான்.

மூன்று நாளில் உடம்பு வர வேண்டும். வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பத்து நாள் பார்த்தேன். அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். உடம்பு என்றைக்கோ கொடுத்தாகிவிட்டது, இருபத்தேழாம் நம்பர் வீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறது என்றார்கள். இருபத்தேழு என் வீடு. கையெழுத்து என்னுடையதில்லை.

விஷயம் இதுதான். அன்று பூங்காவனம் லீவு. அவளுக்குப் பதிலாக வந்த ஆள் புதுசு. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரண்டு நம்பர், பழசு ஒன்று புதுசு ஒன்று. என் வீடு புது நம்பர் இருபத்தேழு. பழைய நம்பர் இருபத்தேழு, எட்டு வீடு தள்ளி இருக்கிற நாதமுனியின் போட்டோ ஸ்டூடியோ. நாதமுனி எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற ஆள்.

போனேன். நாய் ஸ்டூடியோவில் இருந்தது. அருவி வரைந்த திரைக்கு முன்னால், ஒரு அட்டைத் தூணுக்குப் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. காது பாதியில் மடிந்திருந்தது. மூச்சு விட்டது. மற்றபடி அசைவு இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நாதமுனி மிகவும் சந்தோஷமாக இருந்தான். முப்பது வருஷமாக அவன் எல்லோரையும் ஆடாதே ஆடாதே என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறவன். இப்போது ஒருவன் கிடைத்துவிட்டான். ஜமீன்தார் மாதிரி உட்காருகிறது என்று நாய்க்கு ஜமீன் என்று பேர் வைத்திருந்தான். ஜமீனோடு போட்டோ எடுத்துக்கொள்ள திருத்தணிக்குப் போய் வருகிறவர்கள்கூட இறங்கிவிட்டுப் போகிறார்களாம். தினமும் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டு, லேசாகப் பவுடர் போடுகிறானாம்.

“யோவ் நாதமுனி, அது என் நாய். மீதியெல்லாம் என் வீட்டில் இருக்கு.”

“யோவ் கார்டு, உன்கிட்ட இருக்கறது சத்தம். என்கிட்ட இருக்கறதுதான் நாய்.”

“உன்கிட்ட இருக்கறது தோலு.”

“தோலுக்குத்தான்யா போட்டோ விழும்.”

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். காலண்டர் ஆடியது. அன்றைக்கு அதைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

பூங்காவனம் வந்து நிலவரத்தைப் பார்த்தாள். சட்டப்படி, கையெழுத்துப் போட்டவர் மனசு வைத்தால்தான் உடம்பை எடுக்கலாம். அதைவிட இன்னொன்று. எட்டாவது வந்து பதினைந்து நாளைக்குள் எல்லாம் உடம்பில் சேர வேண்டும். சேராவிட்டால் கெட்டுவிடும். முதலில் துள்ளல், அப்புறம் ஒவ்வொன்றாக. கோணிப்பையை விரித்து மோந்து பார்த்தாள்.

“லேசா புளிச்சிருக்கு சார். நாளைக்குத் தாங்கும். நாளான்னைக்குத் தாங்காது.”

கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, கொல்லையில் கொட்டிவிடலாம், கீரை நன்றாக வரும் என்றாள்.

அன்று துள்ளல் உத்தரம் வரை போகவில்லை. மேஜை உயரத்தோடு நின்றது. நான் டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். டம்ளர் லேசாக அசைந்தது, விழவில்லை. நானே தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். குரைப்பை அடுக்கு டிபன் கேரியரில் போட்டு மூடினேன். தோண்டல் அதன் சட்டியில். துள்ளல் தோளில். தூக்கம் சட்டைப் பையில். மோப்பம் எப்படியும் பின்னால் வரும். பிடிவாதத்துக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பூங்காவனம். காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். வழியெல்லாம் விலாவில் அடித்துக்கொண்டே வந்தது. ஓட்டத்தின் கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தேன். அதனால் எட்டு வீட்டையும் சீக்கிரமாகவே கடந்தோம்.

ஸ்டூடியோவில் ஒரு குடும்பம் படத்துக்கு உட்கார்ந்திருந்தது. ஐந்து பேரும் மொட்டை, தலையில் சந்தனம். கடைசியில் இருந்த குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. நடுவில் நாய்.

எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன்.

“பிடி. எல்லாம் இருக்கு. சேத்துக்கோ.”

நாதமுனி பார்த்தான். “எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்? ஜமீன் இப்படியே நல்லாத்தானே இருக்கு.”

“உனக்கில்ல. அதுக்கு.”

நாதமுனி முக்காலிக்குப் போய் நாயின் நெற்றிப் பவுடரைத் துண்டால் துடைத்தான். பிறகு தள்ளி நின்றுகொண்டான்.

பிடிவாதத்தை முதலில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றது ஒட்டாது என்றாள் பூங்காவனம். சேர்த்தோம். நாய் முக்காலியை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மோப்பம். மூக்கு நனைந்தது, என் பக்கம் திரும்பியது. ஓட்டத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். டிபன் கேரியரைத் திறந்தேன். கோணியை உதறினேன். அதற்குப் பிறகு எது எப்போது சேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

முக்காலி விழுந்தது, அட்டைத் தூண் விழுந்தது. அருவியைக் கிழித்துக்கொண்டு நாய் அந்தப் பக்கம் போய், அருவிக்கு மேலாகத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. விளக்குக் குடை இரண்டும் உருண்டன. சிமெண்டுத் தரையைத் தோண்டப் பார்த்தது, முடியாததால் கம்பளத்தைத் தோண்டியது. ஐந்து மொட்டைத் தலையையும் வரிசையாக நக்கிச் சந்தனத்தைக் காலி செய்தது. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. குழந்தை சிரித்தது, சிரித்து விக்கல் எடுத்தது. அதன் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். எனக்கும் வாய் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. நாதமுனி ‘ஆடாதே’ என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே கேமராவை அழுத்தத் தொடங்கினான்.

என் அக்குளில் காலண்டர் நின்றுவிட்டது. நாயின் வால் ஆரம்பித்தது. அது என் மார்பு உயரத்துக்கு எழும்பி எழும்பி என் முகத்தைப் பார்த்தது. “ஏய்” என்றேன். கேட்கவில்லை.

மற்றதெல்லாம் உடம்போடு எந்த வீட்டில் சேர்ந்ததோ, நாய் அந்த வீட்டினுடையது. அதுவும் சட்டம். தெரிந்துதான் கொண்டுபோனேன். தீப்பெட்டியை நாதமுனியிடம் கொடுத்து, களைத்த பிறகு சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன். களைக்கவில்லையாம். மறுநாள் சாயங்காலம்தான் சேர்த்தானாம்.

படங்களில் யார் முகமும் சரியாக விழவில்லை. எல்லாம் கலைந்த கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் குடும்பம் எட்டுப் பிரதி வாங்கிக்கொண்டு போயிற்று. இப்போது ஊரில் அசைந்த போட்டோவுக்குத்தான் கிராக்கி. நாதமுனி எல்லோரையும் ஆடு ஆடு என்கிறான்.

நான் காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். தேதியைக் காட்டியது. டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. எலி திரும்பி வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாம் நாள் பூங்காவனம் வந்தாள். தகரப் பெட்டி காலியாக இருந்தது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ஸ்டூடியோ முகவரியிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது என்றாள். நாதமுனிக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டேன்.

“அவரில்ல சார். நாய் கொடுத்திருக்கு. ஆள் வேணுமாம்.”

வாங்கிப் பார்த்தேன். ஆண், வயது அறுபதுக்கு மேல், முன்கோபம். முகவரியில் பழைய நம்பர், புது நம்பர் இரண்டும் சரியாக இருந்தன. காரணம் என்ற இடத்தில் எழுத்து இல்லை, கடித்த தடம் இருந்தது. கீழே மையில் தோய்ந்த நான்கு விரல்.

எல்லாம் ஒழுங்காக இருந்ததால் சரி என்றேன். எத்தனை தடவை என்று கேட்டேன். எனக்கு ஆறு போதும் என்றாள். கொஞ்சம் குறைவுதான்.

முதல் தடவைக்கு நாய் என் அதட்டலைக் கேட்டிருந்தது. பெட்டிக்குள் குனிந்து “ஏய்” என்றேன். பூங்காவனம் மூடிக் கட்டிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் நிதானமாக இருக்கிறது. பால்காரர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதனாலென்ன, வெயிலாக இருக்கிறது, மெதுவாக வாருங்கள் என்று சொன்னேன். மறுநாள் இன்னும் மெதுவாக வந்தார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. எட்டு வீடு தள்ளி என் அதட்டல் கேட்கிறது. அதற்குப் பதிலாக நாயின் குரைப்பும் கேட்கிறது. இரண்டும் மாறி மாறிப் பொழுது சாயும் வரை நடக்கிறது. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் அதட்டலைக் கேட்டுத் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்புறம் ஆட வைப்பதுதான் கஷ்டம் என்று நாதமுனி வந்து சொன்னார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஒன்றோடு பழக ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதட்டல் போன அன்றே நாய் ‘பழகிவிட்டது’ என்ற இடத்தில் காலை வைத்துவிட்டதாம். பூங்காவனம் பொறுத்துப் பார் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

புதன்கிழமை என் நடை போகிறது. செருப்போடு வேண்டுமா, செருப்பில்லாமலா என்று கேட்டுவரப் பூங்காவனம் போயிருக்கிறார். இரண்டு செருப்பையும் துடைத்து வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.