இக்ராவின் இரண்டு கன்னங்கள்

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் பையர் வருவதற்கு இருபத்தொரு நாள் இருந்தபோதுதான் சாயப்பட்டறை மேனேஜர் சாமியப்பன் இக்ராவின் முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, மூஞ்சியெல்லாம் செதில் செதிலா உரிஞ்சு கெடக்குது? பையர் முன்னாடி தேஜஸ்ரீயே பேசட்டும். நீ பின்னால நின்னுக்க."

மழை விட்ட மறுநாள் காலையில் வானத்தின் ஓரத்தில் ஒரு பச்சை கலந்த நீலம் தெரியுமே, அந்த நிறத்தைப் பட்டறையின் லேபில் உட்கார்ந்து கண்டுபிடித்தவள் இக்ரா. நாற்பத்து மூன்று கலவைகள் தோற்று, நாற்பத்து நாலாவதில் அது கைக்கு வந்தது. அதைப் பற்றி இன்னொருத்தி பேசுவதா?

"ஷேடு பாக்கறது என்ற கண்ணுங்க சார், மூஞ்சி இல்லீங்க."

"அதுக்குள்ள சரியானா பாக்கலாங் கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அன்று மாலையே அம்மா முனவர் பேகம் கெட்டியான கிரீம் டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். மறுநாள் காலை, லேபில் கூட வேலை பார்க்கும் தேஜஸ்ரீ ஒரு சீரம் பாட்டிலை நீட்டினாள்.

"கிரீம் மேலயே நிக்கும்டி. சீரந்தான் உள்ள எறங்கும். வைட்டமின் சி."

அம்மாவிடம் காட்டியபோது அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தண்ணியாட்டம் இருக்குது. இதுக்குச் சொட்டு விட ஒரு குழாய் வேறயா? போலியோ மருந்தா குடுக்கறாங்க?"

இரண்டு பேரையும் சமாளிக்க இக்ராவுக்குத் தெரிந்தது ஒரே வழி. சோதனை. இடது கன்னத்துக்குக் கிரீம், வலது கன்னத்துக்குச் சீரம். தினமும் காலையில் லைட் பாக்ஸுக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். அது துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுபோலப் பார்ப்பதற்கான விளக்குப் பெட்டி. பார்த்ததையெல்லாம் தேஜஸ்ரீ நோட்டில் எழுதுவாள்.

"இர்றி. ஒரிஜினல் எங்க?" என்றாள் தேஜஸ்ரீ முதல் நாளே.

துணியைச் சோதிக்கும்போது எதையும் தொடவிடாமல் ஒரு துண்டை ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் ஒரிஜினல். அது இல்லாத சோதனையை லேபில் யாரும் மதிக்க மாட்டார்கள். இக்ராவுக்கோ இரண்டு கன்னங்கள்தான். யோசித்துவிட்டு, இன்னும் உரியாமல் இருந்த மோவாயைத் தட்டிக் காட்டினாள்.

"இதுல எதையும் பூசமாட்டேன். இதான் ஒரிஜினல்."

பத்து நாள் போனது. வலது கன்னம் சீரம் பட்டதும் எரிந்தது. இடது கன்னம் சாயங்காலம் மிருதுவாகும், மறுநாள் வேலை முடிவதற்குள் மறுபடி உரியும். பதினோராம் நாள் காலையில் தேஜஸ்ரீ நோட்டை மூடி வைத்தாள்.

"ரெண்டும் தோத்துப்போச்சுடி. மோவாயும் உரியுது, பாரு."

இக்ரா பெட்டிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "என்ன சொன்னே?"

"மோவாயும் உரியுதுன்னேன்."

எதுவுமே படாத துண்டு கெட்டுப்போனால் கோளாறு சாயத்தில் இல்லை, அதற்கு முந்தி என்பது லேபில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் படித்த பாடம். சாயத்துக்கு முந்தி என்ன? அலசல். அவள் மெல்லத் திரும்பிக் கை கழுவும் தொட்டியைப் பார்த்தாள். அங்கே துணி அலசும் சோப்புத் தண்ணீர் ஒரு கேனில் இருந்தது. கையில் தெறித்த சாயத்தை எல்லோரும் அதில்தான் போக்குவார்கள். இக்ரா மட்டும், முகத்தில் ஒரு புள்ளிகூடத் தங்கக் கூடாது என்று, நாளைக்கு நாலு தடவை முகத்தையும் அதிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அடக் கடவுளே, மூஞ்சிய பனியன் துணின்னு நெனச்சுட்டியா?" தேஜஸ்ரீ சிரித்த சிரிப்பில் நோட்டு கீழே விழுந்தது. இக்ராவும் சிரித்தாள். சிரிக்கும்போது கன்னம் வலித்தது.

அன்றோடு அந்தச் சோப்பு நின்றது. முகத்துக்கு வெறும் தண்ணீர்தான். கிரீம் பூசிய இடது கன்னம் ஐந்தே நாளில் புதுத் தோலோடு மினுங்கியது. மோவாய் மெதுவாகத் தேறியது. வலது கன்னம் மட்டும் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

"வெந்த தோலுக்குச் சீரம் ஒத்துக்காதுடி. மொதல்ல கிரீம். தோல் நல்லாகட்டும், அப்பறமா உன்ற சீரத்தைப் பாக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள் இக்ரா. வீட்டில் முனவர் பேகம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "நாஞ் சொன்னேன்ல!" என்றாள்.

பையர் வந்த அன்று உரிதல் எங்கும் இல்லை. வலது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருத்த திட்டு மட்டும் மிச்சம். சாமியப்பன் அதைப் பார்த்துத் தயங்கினார். இக்ரா நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருபது நாள் கணக்குங்க சார். எதனால வந்துச்சு, எதுல போச்சு, எல்லாம் இதுல இருக்குது. மூஞ்சியவே இப்படிப் பாத்தவ ஷேடை எப்படிப் பாத்திருப்பேன்னு யோசிச்சுக்குங்க. அந்தக் கலரைப் பத்தி நாந்தானுங்க பேசுவேன்."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். மோவாய் என்று எழுதியிருந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ கண்ணு" என்று வழிவிட்டார்.

பையர் ஓர் உயரமான அம்மாள். துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள், மஞ்சள் சற்றுக் கூடுதலோ என்று கேட்டாள். இக்ரா பதறவில்லை. பெட்டியில் அப்போது எரிந்தது கடைகளில் போடும் விளக்கு, அது மஞ்சளைத் தூக்கிக் காட்டும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, பகல் விளக்குக்கு மாற்றினாள். பிறகு துணியை ஜன்னலுக்கே கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். அந்த அம்மாள் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, நிறம் சரி என்று மாதிரி அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.

மதியமே ஆயிரத்து இருநூறு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற உத்தரவானது. கலவைச் சீட்டை இக்ராவே மெஷின்காரர் கையில் கொடுத்தாள். மெஷினின் மூடி திறந்து முதல் துணி வெளியே வந்தபோது, கன்னத்துத் திட்டின் மேல் இழுத்துவிட்டிருந்த துப்பட்டாவை முகத்திலிருந்து முழுக்க விலக்கிவிட்டு, ஆவிக்கு நேராக நின்று பார்த்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, வானத்தின் ஓரம் முழம் முழமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.