எல்லாம் ஒரே பெட்டிக்குள்

யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வெயிலுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடி வந்தவன் ஒரு வாய் தண்ணி கேட்பான் என்று வேதநாதன் பார்த்தார். அவன் வைஃபை இருக்கா என்று கேட்டான். அதிலேயே அவருக்கு ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது. பெயர் நிசாந்தனாம். மருமகள் பிரியவதனி கூப்பிட்டு அவர்களின் ஊரான கரம்பொனுக்கு வந்திருந்தான்.

வேதநாதன் சமையல்காரர். கலியாணம், சாமத்தியவீடு எல்லாத்துக்கும் சமைப்பார்தான். ஆனாலும் வீட்டில் உலை கொதிப்பது திவசத்தால். கனடா, பிரான்ஸ் என்று போன பிள்ளைகள் தாய்தகப்பனின் திவசத்தை ஊரிலேயே செய்விப்பார்கள். பூட்டிக் கிடக்கும் அவர்களின் வீட்டு முற்றத்தைக் கூட்டி, ஐயரைக் கூப்பிட்டு, செத்தவருக்கு விருப்பமான மரக்கறியும் சேர்த்துப் படைத்து, சனத்துக்குச் சோறு போட்டு வீடியோ அனுப்பவேண்டும்.

போனைப் பார்ப்பவள் பிரியவதனி. முந்தி பேஸ்புக்கில் ஒரு சாப்பாட்டுப் படம் போட்டால் ரொறொன்ரோ முழுக்கப் பார்க்கும். இப்போது காசு கட்டாவிட்டால் பக்கத்து வீட்டானுக்கும் காட்டமாட்டான். சனமும் சிதறிப்போச்சு. கிழடுகள் வைபரில், நடுவயதுகள் வாட்சப்பில், இளசுகள் இன்ஸ்டாகிராமில். போன ஆடியில் பாரிஸிலிருந்து ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவருடைய தகப்பனுக்கு அந்த வருசம் திவச இலை விழவில்லை. மனிசன் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் போனுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் இந்த நிசாந்தனைப் பிரியவதனி பிடித்தாள். அவன் போனில் ஒன்றைத் திறந்து காட்டினான்.

"எங்கயிருந்து ஆர் எழுதினாலும், எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்ள வந்து விழும் ஐயா. மறுமொழியும் இதிலயே, விளம்பரமும் இதிலயே."

"பெட்டி ஆரின்ர?"

"உங்கடதான்."

"அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு?"

"உங்களிட்ட ஒண்டு, எங்கட ஒஃபிஸில ஒண்டு. பிழை வந்தாத் திருத்த வேணுமெல்லே."

"அப்ப வீடு என்ர, திறப்பு உம்மட. நல்லாயிருக்கு தம்பி."

"மாமா, சும்மா இருங்கோ" என்றாள் பிரியவதனி.

வாடிக்கைக்காரரின் முக்கியமான நாள்களைப் போட்டு வைத்தால் பெட்டி மறக்காது என்றான் நிசாந்தன். அது மட்டும் வேதநாதனுக்குக் கொஞ்சம் பிடித்தது. வருசா வருசம் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துத் தலைக்குள்ளேயே வைத்திருந்தவர். வயதும் போகுது. மருமகளின் காதுக்குள் குனிந்து ஒவ்வொரு நாளாகச் சொல்ல, அவள் தட்டினாள்.

"என்ன நாளுகள் ஐயா, பிறந்தநாளே?"

வேதநாதன் சுதாரித்துக்கொண்டார். எந்த வீட்டுக்கு எப்போது திவசம் என்று தெரிந்தவன் ஒரு கிழமை முந்தி அந்த வீட்டாரைக் கூப்பிட்டானென்றால் தொழில் அவனுடைய கையில். இவன் எத்தனை சமையல்காரருக்குப் பெட்டி செய்கிறானோ, ஆருக்குத் தெரியும்?

"ஓம், பிறந்தநாள்தான்."

பிரியவதனி நிமிர்ந்தாள். கண்ணாலேயே அவளை அடக்கினார்.

பெட்டி வேலை செய்தது. பேர்லினிலிருந்து ஒருத்தி, சிட்னியிலிருந்து ஒருத்தன் என்று புதிசுகளும் வந்தன. "இண்டைக்கு ஒண்டும் துலையேல்லையே?" என்று காலையில் எழும்பி முகம் கழுவமுதல் கேட்பார். ஒன்றும் துலையவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சுருவில் ஊரில் யோகாம்பாளின் தாயின் திவசம் வந்தது. ரொறொன்ரோவில் இருக்கிற சுருவிலாரில் பாதிப்பேர் யோகாம்பாள் கை காட்டித்தான் இவரிடம் வந்தவர்கள். முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சோறு கொதிக்கும் நேரம் அவளே ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தாள்.

"வேதநாதண்ணை, என்ர அம்மாவின்ர திவசத்தை ஆருக்கு வித்தனீங்கள்?"

"என்ன தங்கச்சி கதைக்கிறீர்?"

"உங்கள் இனிய நாளை விருந்தோடு கொண்டாடுங்கள், விலைக்கழிவு உண்டு எண்டு தெரியாத நம்பரிலயிருந்து வந்திருக்கு. பலூன் பறக்குதண்ணை. பலூன்! நான் இஞ்ச நடுச்சாமத்தில முழிச்சு, அம்மாவின்ர படத்துக்கு முன்னால விரதமா இருக்கிறன். மாமியின்ர, சித்தப்பாவின்ர திவசம் எல்லாத்தையும் வேற ஆளிட்டக் குடுக்கப்போறன். எங்கட சனத்துக்கும் சொல்லிவிடுறன்."

வைத்துவிட்டாள்.

"அந்தக் கள்ளன்தான்!" என்றார் வேதநாதன். நிசாந்தனைப் போனில் பிடித்து, "நிண்ட நிலையில வாரும்" என்று கத்தினார்.

ஐயர் திதி முடித்துப் புறப்படும்போது அவன் வந்து சேர்ந்தான்.

"எவனுக்குக் குடுத்தனீர்?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. உங்கட பெட்டியின்ர புது நம்பரிலயிருந்துதான் போயிருக்கு. பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போனா ஆக்களுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு நான்தான் போட்டுவிட்டனான்."

"என்னட்டக் கேட்டீரே?"

"வாழ்த்துக்குக் கேக்கேல்லை, அது என்ர பிழை. என்ன நாளெண்டு கேட்டனான். பிறந்தநாள் எண்டியள்."

வேதநாதன் மருமகளைப் பார்த்தார். அவள் இலை துடைத்தபடி, "ஓம் மாமா, கேட்டவர்" என்றாள்.

"நாளைக்கு இன்னொராளுக்குப் போகக் கிடக்கு. மற்றதெல்லாம் என்ன நாளெண்டு சொன்னாத்தான் மறிக்கலாம்." சொல்லிக்கொண்டே நிசாந்தன் படையலைப் பார்த்தான். முகம் மாறியது. "ஐயோ, எல்லாம் இதேயா?"

கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தார் வேதநாதன். சொன்னால் தொழில் இவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு திவச வீட்டுக்குப் பலூன் போகும்.

"எல்லாம் திவசம்" என்றார்.

நிசாந்தன் அந்த இடத்திலேயே வாழ்த்துகளை நிற்பாட்டினான். யோகாம்பாளுக்கு வேதநாதனே போன் எடுத்தார். முதல் தரம் அவள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார்.

"தங்கச்சி, ஒருத்தரும் விக்கேல்லை. உந்த நாளுகளைப் பெடியன் கொண்டுபோயிடுவான் எண்டு நான்தான் பிறந்தநாளெண்டு பொய் சொன்னனான். அவன் அதை நம்பிப்போட்டான்."

"உங்கட சந்தேகத்துக்கு என்ர அம்மாவுக்குப் பலூனோ?"

"என்ர பிழைதான் தங்கச்சி."

"படைச்ச இலையைக் காட்டுங்கோ" என்றாள். பிரியவதனி போனைத் திருப்பிப் பிடித்தாள். தாய்க்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல். யோகாம்பாள் ஒவ்வொரு கறியாகப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மாமியின்ர திவசத்துக்கு முதல் நீங்களே போன் எடுத்துக் கதையுங்கோ. உங்கட வாயால. திரும்ப மிசின் ஏதும் கதைச்சுதோ, அதோட எல்லாம் முடிஞ்சுது."

"ஓம் தங்கச்சி."

போனை வைத்ததும் நிசாந்தனிடம் திரும்பினார். "உந்தப் பெட்டி எனக்கு மட்டும் சொல்லட்டும். அவையளுக்கு நான் சொல்லுவன். ஏலுமோ?"

"ஏலும் ஐயா. இப்பவே செய்யலாம்."

"முதல் இரும், சாப்பிடும்."

பந்தியில் நிசாந்தனுக்கும் இலை போட்டாள் பிரியவதனி. அவன் ஒரு கையால் சாப்பிட்டு, மற்றக் கையால் போனைத் தட்டினான். வேதநாதன் பாயாச வாளியோடு அவனுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் "உது என்ன? உதை ஏன் அமத்துறீர்?" என்று கேட்டார். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். பந்தியின் கடைசியில் இருந்தவர்கள் பாயாசம் எங்கே என்று சத்தம் போட்ட பிறகும் அவர் அசையவில்லை.