காயாத சட்டை

பேனர் கவிதையை யாரும் படிப்பதில்லை. செத்து ஒரு வருஷம் ஆனால் தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிய வேண்டும், கீழே நண்பர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் கூலிங்கிளாஸோடு வரிசை கட்ட வேண்டும், நடுவில் நாலு வரி வேண்டும். அந்த நாலு வரியும் ஃப்ளெக்ஸ் கடைக்காரனின் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும். பேரை மட்டும் மாற்றிக்கொள்வான்.

மோகனின் பேனரில் மட்டும் சொந்தக் கவிதை. எழுதியவன் தேவா, மோகனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. மோகன் போன பிறகு அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்குவதிலிருந்து மோகனின் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதுவரை எல்லாம் அவன்தான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று பருத்திப்பட்டில் பேச்சு. கவிதையும் பிரமாதம் என்று ஆளுக்கொரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

*தண்ணீர் என் பேர் சொல்லிக் கூப்பிட்டது*
*நான் திரும்பவில்லை*
*என் வீட்டுக் கொடியில்*
*இன்னும் காயவில்லை உன் சட்டை*

மோகனின் அக்கா கிருஷ்ணப்பிரியாவுக்கும் பெருமைதான். ஆவடியில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர் அவள். அன்று காலை அப்பா ஜெயராமன் வாசலில் நாற்காலி போட்டு எதிரே தெருமுனையில் கட்டியிருந்த பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுசெல்லாம் லேத் ஓட்டிய மனுஷர், இப்போது ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டுவதில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். போன வருஷம் ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த மகனைப் பார்த்து, "ஏரில போய் வுழுடா" என்று கத்தினார். சாயங்காலம் ஏரியிலிருந்துதான் மோகனைத் தூக்கினார்கள்.

கால் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. அப்பா நம்பவில்லை. தான் சொன்ன சொல்லுக்காகத்தான் பிள்ளை போய் விழுந்தான் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. எந்த வீட்டில்தான் அப்பன் பிள்ளையைத் திட்டவில்லை? வாய்க்கு வந்த வசவு அது, அர்த்தம் பார்த்தா திட்டுகிறார்கள் என்று கிருஷ்ணப்பிரியா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். மனுஷர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தேவா இன்னாம்மா எய்தியிருக்கான்? எனுக்குப் புரில."

அவள் வகுப்பில் சொல்வது போலவே ஆரம்பித்தாள். "தண்ணி எங்கயாவது பேசுமாப்பா? அது உருவகம். தண்ணின்னா இங்க சாவு. கூட்டாளியோட நாமளும் போயிடலாமான்னு அவனுக்குத் தோணுது, ஆனா போகல. சட்டைன்னா ஞாபகம். அது இன்னும் காயல, ஈரமாவே..."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மோகனைத் தூக்கியபோது உடம்பில் சட்டை இல்லை. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, தேடியும் கிடைக்கவில்லை. ஏரி கொண்டுபோய்விட்டது என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது வரியை மறுபடி படித்தாள். கூப்பிட்டவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தானே திரும்பவில்லை என்று எழுத முடியும்? கவிதையில் உருவகமே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறான்.

"அப்பறம்?" என்றார் அப்பா.

"வந்து சொல்றேன்பா" என்று செருப்பை மாட்டினாள்.

தேவாவின் வீடு அடுத்த தெரு. அவன் மட்டும்தான் இருந்தான். "சட்டை எங்கடா?" என்றாள். எந்தச் சட்டை என்று அவன் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்து நீட்டினான். உள்ளே மஞ்சள் கட்டம் தெரிந்தது.

"குளிக்கத்தாங்கா போனோம். சட்டைய கயட்டி என் கைல குட்த்துட்டு எறங்கனான். கொஞ்ச தூரம் போய் 'தேவா'ன்னு கத்தினான். எனுக்கு நீச்சல் தெரியாது. ஆள இட்டாரலாம்னுதான் ஓடினேன். ரோட்டுக்கு வந்தா பயத்துல வாயே வர்ல. ஊட்டுக்கு வந்துட்டேன்."

"வருஷம் பூரா எங்க ஊட்டுச் சோத்தத் துன்னுகினு கீறியேடா பாவி!" டீச்சர் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"சொல்லத்தாங்கா எய்தினேன். தெருவுல அம்மாம் பெருசா கட்டினேன். எல்லாரும் சூப்பரா கீதுன்னு பூட்டாங்க."

"அவன் சாகப் போகலல்ல? அத மட்டும் சொல்லு."

"ஐயோ, இல்லக்கா. சிரிச்சிகினேதான் வந்தான். 'நைனா ஏரில வுய சொல்ட்டாரு, வா மச்சான், வுயுந்துட்டு வர்லாம்'னான்."

அறைய ஓங்கிய கை அப்படியே தாழ்ந்துவிட்டது. தம்பிக்கு எல்லாம் விளையாட்டு. அந்த விளையாட்டை அப்பா எப்படித் தாங்குவார்? "இத மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாத. மத்ததெல்லாம் நீயே வந்து சொல்லு" என்றாள்.

வாசலில் நின்றபடியே தேவா சொல்லி முடித்தான். அடி விழும் என்று அவள் நினைத்தாள். அப்பா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் சொன்னதுக்கோசரம் அவன் போவல?"

தேவா அவளை ஒரு பார்வை பார்த்தான். "இல்ல நைனா. குளிக்கத்தான்."

ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்த மூச்சு அப்பாவிடமிருந்து வந்தது. கிருஷ்ணப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. இனி பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். தேவாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"உன் பேர சொல்லியா கூப்ட்டான்?"

"ஆமா நைனா."

"என்னெ கூப்டலியா?"

ஒரு வருஷமாகப் பொய்யிலேயே குடித்தனம் நடத்தியவனுக்கு 'கூப்ட்டான் நைனா' என்கிற இந்த ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை.