பாய்லர் மாப்பிள்ளை

மாதவனுக்கு நிச்சயதார்த்தம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. இரண்டு தடவையும் காரணம் பாய்லர்தான்.

அவன் வேலை பார்த்தது திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு சாயப்பட்டறை. பாய்லர் அடுப்பில் மணலை நிரப்பி, அடியிலிருந்து ஃபேன் போட்டுக் காற்று ஊதுவார்கள். மணல் உலைத்தண்ணீர் மாதிரித் தளதளவென்று கொதிக்கும். அதற்குள் நிலக்கரி விழுந்து எரியும். சூடு கூடிப்போனால் மணல் இறுகிக் கட்டி தட்டிவிடும். அப்புறம் அடுப்பை ஆறவிட்டு, உள்ளே இறங்கிக் கடப்பாறையால் உடைக்க வேண்டியதுதான். அந்த இரண்டு முகூர்த்தத்திலும் மாப்பிள்ளை உடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ தள்ளிப்போச்சுன்னா, எம் பொண்ண விட்டுட்டு அந்தப் பாய்லரையே கட்டிக்கிடுங்க” என்று நதியாவின் அப்பா அழகுமலை பல்லடத்திலிருந்து போனில் சொல்லிவிட்டார். நாளைக்கு மூன்றாவது முகூர்த்தம்.

மணலின் உடம்பு எப்படி இருக்கிறதென்று காட்ட, சுவரில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதில் சாயத்தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ரப்பர் டியூப் வழியாக அடுப்போடு இணைத்திருந்தார்கள். மணல் நன்றாகக் கொதித்தால் தண்ணீர் படபடவென்று குதிக்கும். குதிப்பு அடங்கினால் ஆபத்து. மாதவன் சோறு தின்னும்போதுகூட அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பான்.

அன்றைக்கென்று துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் ரத்தினசாமிக்குக் கை கால் ஓடவில்லை.

“ஏங்கண்ணு மாதவா, இந்தத் தண்ணி ஏன் இப்படி ஆடுது? அவிங்க பாத்தா என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்குவாங்கல்லொ. செத்த நேரம் நிறுத்தி வையி.”

திருப்பூரில் துடைக்கவும் கட்டவும் பனியன் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஒரு துண்டை உருவி ரப்பர் டியூபை இறுக்கிக் கட்டினான். தண்ணீர் சமர்த்தாக நின்றது. பையர்களும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சந்தோஷத்தில் ரத்தினசாமி மாப்பிள்ளையைச் சீக்கிரமே அனுப்பிவைத்தார். விறகு பாய்லரிலிருந்து புதிதாக வந்த, இந்தக் குழாயைப் பார்த்துப் பழகாத கிட்டுசாமியிடம் பாய்லரை ஒப்படைத்துவிட்டு மாதவன் சலூனுக்குப் போனான்.

சலூன்காரர் கழுத்தைச் சுற்றித் துணியைப் போட்டு முடிச்சை இறுக்கினார். மாதவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டியூபை அவிழ்க்கவில்லை! பாதி நுரையோடு துணியை உதறிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

“தண்ணி அசையவே இல்லீங்க, நல்லாத்தான் ஓடுதுங்க” என்றார் கிட்டுசாமி, பெருமையாக.

மாதவன் நேராகக் கண்ணாடிக் குழாயிடம் ஓடினான். டியூபின் முடிச்சை அவிழ்த்தான். தண்ணீர் தூங்கி வழிகிறவன் தலைபோல லேசாக ஆடியது, அவ்வளவுதான். மணல் இறுக ஆரம்பித்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு!

“அண்ணா, கரிய நிறுத்துங்க! காத்தக் கூட்டுங்க!”

அடுப்பின் அடிக்குழாயைத் திறந்து சுடுமணலை வடித்தான். எலுமிச்சம்பழம் அளவில் கட்டிகள் உருண்டு விழுந்தன. புது மணலைக் கொட்டினான். திரும்ப வடித்தான், திரும்பக் கொட்டினான். கண் மட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு நகரவில்லை. தண்ணீர் ஒரு தடவை துள்ளியது. அடங்கியது. மறுபடி துள்ளியது. பிறகு படபடவென்று பழையபடி குதிக்கத் தொடங்கியது. மாதவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் நதியாவுக்குப் போன் போட்டு, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான்.

“இப்ப மணல் குதிக்குதா?” என்று கேட்டாள் அவள்.

“குதிக்குது. நாளைக்கு வந்திருவேன். சத்தியமா வந்திருவேன்.”

“வராட்டியும் என்னவாம்? அப்பா போன்ல அப்படிச் சொன்ன அன்னைக்கே அவருகிட்ட சண்ட போட்டு முடிச்சிட்டேன். நீங்க வரலைன்னா தாம்பாளத் தட்டத் தூக்கிக்கிட்டு நாங்க பாய்லர்கிட்ட வந்திருவோமல்லொ” என்றாள் நதியா.