நெல்லுக்குள் ஒரு சூடு

லாபிரின் கைபேசி நெற்குவியலுக்குள் விழுந்து மறைந்தபோது, அவன் மனைவி ஜலீலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாழ்ப்பாணம் நகரில் இடியப்ப மா அரைத்து விற்பவர்கள் அவர்கள். கொடிகாமத்துக் கதிரவேலுவிடம் வாங்கிய நெல் பின்னறையில் நெஞ்சளவுக்குக் குவிந்து கிடந்தது. அதன் மேலேறி நெல் அள்ளக் குனிந்த லாபிரின் சட்டைப்பையிலிருந்து கைபேசி நழுவியது. அவன் எட்டிப் பிடிப்பதற்குள் நெல் சரிந்து அதை மூடிவிட்டது.

"உன்ரை போனிலையிருந்து எடுத்துப் பார்!"

ஜலீலா அவன் எண்ணுக்கு அழைத்தாள். நெல்லுக்கடியில் வண்டு முனகுவதுபோல ஒரு சத்தம் வந்ததே தவிர, எந்தப் பக்கமென்று பிடிபடவில்லை. லாபிர் தோண்டினான். கையை எடுக்க முன்னமே குழியைச் சுற்றியிருந்த நெல் சரிந்து நிரப்பியது.

"இது நெல்லோ தண்ணியோ?" என்று கத்தினான்.

ஜலீலா உச்சியில் முழந்தாளிட்டுக் கையைத் தோள்வரை செலுத்தினாள். மேல் நெல் குளிர்ந்திருந்தது. முழங்கை உள்ளே போனதும் வெதுவெதுத்தது. விரல் நுனிக்கோ, இப்போதுதான் வடித்த சோற்றைத் தொட்டது போலிருந்தது.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்குச் சுடுது!"

"பற்றரி! வெடிக்கப்போகுது, கையை எடு!"

அவளை அவன் இழுத்த இழுப்பில் நெல் சரிந்தது. கூடவே கைபேசியும் சரிந்து அவன் காலடியில் வந்து விழுந்தது. ஜலீலா தொட்டுப் பார்த்தாள். அது குளிர்ந்து கிடந்தது.

அப்படியென்றால் சுடுவது எது?

கடகப் பெட்டியால் நடுவிலிருந்து அள்ளினார்கள். ஒரு கை ஆழத்தில் நெல் கட்டிபட்டு, புளித்த வாடையோடு ஆவி விட்டது. சில மணிகள் வெள்ளையாய் முளை காட்டின. லாபிருக்கு ஆத்திரம் பொங்கியது. ஜலீலா தடுக்கத் தடுக்கக் கதிரவேலுவைக் கூப்பிட்டு, "ஈர நெல்லை எங்கடை தலையிலை கட்டிப்போட்டியள்!" என்று பொரிந்து தள்ளினான்.

"நிண்டுகொள், வாறன்," என்று மறுமுனை வெட்டிக்கொண்டது.

ஜலீலா குவியலின் ஓரத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. நன்றாகக் காய்ந்த நெல். நடுவில் மட்டும் எப்படி ஈரம்? அண்ணாந்து பார்த்தாள். ஓடொன்று விலகி, அந்த இடுக்கில் வானம் தெரிந்தது. போன கிழமை பெய்த மழை அதனூடாகத்தான் சொட்டியிருக்கிறது. மேலே காற்றுப்பட்டுக் காய்ந்துவிட்டது. உள்ளே இறங்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது கிளப்பிய சூட்டையும் சுற்றியிருந்த நெல் போர்வை போலப் பொத்தி வைத்திருந்தது.

"அவரிலை பிழையில்லை. எங்கடை ஓட்டிலைதான்."

லாபிர் ஓட்டைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான், முகத்தைத் துடைத்தான்.

முற்றத்தில் படங்கு விரித்து நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தபோது கதிரவேலுவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"ஆர் ஈர நெல் வித்தது?"

"வாங்கோ அண்ணை," என்ற ஜலீலா, புருசனின் முதுகில் மெல்லத் தள்ளினாள்.

"அண்ணை, நான் அவசரப்பட்டிட்டன். எங்கடை கூரைதான் ஒழுகியிருக்கு."

கதிரவேலு உள்ளே போனார். குவியலில் மிச்சமிருந்த சூட்டுக்குள் கையை விட்டார். அவருடைய மீசை துடித்தது. "முட்டை வைச்சால் குஞ்சு பொரிக்கும் போலை கிடக்கு, தம்பி!" என்று வெடித்துச் சிரித்தார். லாபிருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு மூவருமாக நெல்லைத் துழாவினார்கள். லாபிருக்கு ஏணி என்றாலே தலை சுற்றும் என்பதால் ஓட்டைச் சரிசெய்யக் கதிரவேலுவே ஏறினார். பழுதான கட்டிகள் வாழையடிக்குப் போயின. மற்றதெல்லாம் வெயிலில் கலகலவென்று காய்ந்தது.

அன்றைய ஜும்மா தொழுகை முடிந்து லாபிர் வந்ததும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதிரவேலுவின் கைபேசி அடித்தது. மனைவி ஞானாம்பிகை, சண்டை என்ன ஆச்சுதென்று கேட்டாள்.

"அது எப்பவோ முடிஞ்சுது," என்றார் அவர், வாயில் சோற்றோடு. "வர நேரமாகும். இனித்தான் இனிப்புக்கு வட்டிலப்பம் வருதாம்."