கயிறு படாத கிடா

சோலை வீட்டு ஆட்டின் வாயைப் பிளந்ததுமே கால்நடை மருத்துவர் தமிழ்வாணிக்குத் தெரிந்துவிட்டது. ஈறெல்லாம் புண், மூக்கில் சீழ், நாற்றமெடுத்த கழிச்சல். ஆட்டுக்கொல்லிதான். ஆய்வகத்துக்குச் சளி எடுத்துக்கொண்டாள். ஆனால் மேலத்தெரு மலைச்சாமியின் ஆடுகளுக்கும் இதே நோய். இரண்டு மந்தையும் சேர்ந்து மேய்ந்ததில்லை, ஒரே இடத்தில் தண்ணீர் குடித்ததில்லை. அப்புறம் எப்படி?

அந்நேரம் ஒரு கறுப்புக் கிடா உரிமையோடு நுழைந்து சோலையின் தொட்டியில் வாயை வைத்தது. கழுத்தில் மஞ்சள் துணி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது யாரு கிடாண்ணே?"

"கருப்பசாமிக்கு ஒச்சம்மா நேந்துவிட்டது டாக்டரம்மா. எல்லா வீட்டுலயும் திங்கும். யாரும் வெரட்டப்படாது, கயிறு போடப்படாது."

"மலைச்சாமி வீட்டுக்கும் போகுமா?"

"போகாம? பத்து நாளா எங்க ரெண்டு வீட்டத்தான் சுத்துச்சு, இனி மதியம் ஆச்சுன்னா ஒச்சம்மா வீட்டுக் கழனித்தண்ணிக்கு ஓடிரும்."

தமிழ்வாணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிக்கிவிட்டது! மறுகணமே பதறினாள். ஒச்சம்மாளின் ஆடுகள் அத்தனையும் நிறைசினை. நோயில்லாத மந்தை என்று காலையில் முதல் வேலையாக அங்கேதான் தடுப்பூசி போட்டிருந்தாள். அது வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும்.

திரும்பினால் கிடா தெருவில் இறங்கியிருந்தது.

ஓடினாள். சோலையும் கத்திக்கொண்டே ஓடிவந்தானே தவிர கொம்பில் கைவைக்கவில்லை. வாய்க்கால் ஓரம் பாய்ந்து காலைப் பிடித்தாள். கிடா உதறிய உதறலில் சேற்றில் குப்புற விழுந்தாள்.

கழனிப்பானையோடு வாசலில் நின்ற ஒச்சம்மாள் சிரித்துவிட்டாள். "டாக்டரம்மா, நீங்க கிடாவப் பிடிக்கீகளா, அது உங்களப் பிடிக்குதா?"

"அக்கா, உள்ள விடாதீக! அதுக்குச் சீக்கு. வீடு வீடா அதுதான் கொண்டுபோகுது. கட்டிப் போடணும்!"

சிரிப்பு நின்றது. "சாமி கிடாவுக்குக் கயிறா? ஊரு என்னைய வகுந்துரும்."

பட்டிக்குள் ஒரு சினையாடு கத்தியது. கிடா காதை நிமிர்த்தியது. ஒச்சம்மாள் பட்டியைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். சட்டென்று பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கருப்பசாமி கோயில் பக்கம் நடந்தாள்.

"வாடா என் ராசா, வா."

கழனி வாடை பிடித்துக் கிடா பின்னாலேயே போனது. சுற்றுச்சுவருக்குள் பானையை இறக்கினாள். கிடா தலையை விட்டதும் வெளியே வந்து இரும்புக் கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டாள்.

"கயிறு போட்டேனா? வெரட்டுனேனா?" என்று சோலையிடம் மூச்சிரைக்கக் கேட்டாள். "தண்ணி, தழை நீதான் வைக்கணும். உன் வீட்டுலதான் ஏற்கெனவே சீக்கு கெடக்கே."

பிறகு கம்பி வழியே உள்ளே பார்த்துச் சொன்னாள்: "கருப்பா, உன் கிடா உன்கிட்டயே இருக்கு. தீருற வரைக்கும் நீயே காவல் பாத்துக்க. என் ஆடு குட்டி போடணும்."